லண்டன் சட்டப் பட்டம்: ஏணி எங்கே போய்ச் சேர்கிறது?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் புதிய வழக்கறிஞர்களைத் தொழிலில் ஏற்றுக்கொள்ளும் நிகழ்ச்சியைச் சிங்கப்பூர் உச்ச நீதிமன்றம் நடத்துகிறது. கறுப்பு அங்கி, அப்பா அம்மாவுடன் படம், அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்து மழை. ஆனால் 2024-லும் 2025-லும் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் வாழ்த்துரையோடு சங்கடமான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருவோரிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குள் இப்போதைய இடத்தைவிட்டு விலகும் எண்ணத்தில் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் முதலில் வருவது வேலைப்பளு. அங்கி மாட்டிய அன்றே வெளியேறும் வழியையும் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதே மாதங்களில்தான் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் உள்ள வீடுகளில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. பிள்ளைக்கு மதிப்பெண் நன்றாக வரும் போலிருக்கிறது, சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், இங்கே இடம் கிடைக்காவிட்டால் லண்டனுக்கு அனுப்பலாமா? ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் நடுவிலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், மற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி. அதனால் முடிவு பெரும்பாலும் அவசரத்தில் எடுக்கப்படுகிறது. பிள்ளை எந்த மாதிரி வழக்கறிஞராக விரும்புகிறாள் என்ற கேள்வியை அந்த அவசரத்தில் யாரும் கேட்பதில்லை.

டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆர்மினியன் ஸ்திரீட்டில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இருக்கிறது. 2007-ல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு, 2021 முதல் முன்னாள் தலைமை நீதிபதி யோங் பங் ஹாவின் பெயர். நிலையத்தின் மறுபக்கம் இஸ்தானா, புதிய நீதிபதிகள் அதிபர் முன்னிலையில் பதவியேற்கும் இடம். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துவைத்து உலர்த்தியதால் பெயர் பெற்ற இடத்தில், சட்டப் படிப்பின் தொடக்கமும் உச்சமும் இப்படி நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. இருந்தும் நம் வீடுகளில் ‘லாயர்’ என்றதும் நினைவு லண்டனுக்குத்தான் ஓடுகிறது.

பாரிஸ்டர் காலம்

அந்த நினைவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் வேறு வழியே கிடையாது. இங்கே சட்டம் படித்த முதல் அணி பட்டம் பெற்றது 1961-ல்தான். அதற்கு முன் வழக்கறிஞராக வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும். டேவிட் மார்ஷல், லீ குவான் இயூ இருவரும் லண்டன் மிடில் டெம்பிளில் தகுதி பெற்றவர்கள். யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்த ஜே.பி. ஜெயரத்னம் 1951-ல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டரானார். நாடாளுமன்ற நாயகராகவும் லண்டனில் நம் தூதராகவும் இருந்து 1976-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஏ.பி. ராஜா ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். எஸ். ராஜரத்னமும் சட்டம் படிக்கத்தான் லண்டன் போனார். போர் குறுக்கிட்டது, எழுத்தாளராகவும் பத்திரிகையாளராகவும் திரும்பினார். (பத்திரிகைத் துறைக்கு அது லாபம் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.)

தமிழ்ப்படமும் தன் பங்குக்கு உதவியது. சிவாஜி கணேசன் பாரிஸ்டர் ரஜினிகாந்தாக நடித்த ‘கௌரவம்’ வந்தது 1973-ல். பாரிஸ்டர் என்ற சொல்லுக்கு இருந்த மிடுக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டு குறையவில்லை. சிங்கப்பூரில் அந்தப் பதவியே கிடையாது என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர், பத்திரம் தயாரித்து வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்பவர் சொலிசிட்டர். இங்கே இரண்டு வேலைகளையும் செய்ய ஒருவருக்கே உரிமம்.

சட்டத் துறையில் இன்று உச்சியில் இருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 2006-ல் தலைமை நீதிபதியான சான் செக் கியோங், 1961-ல் இங்கே பட்டம் பெற்ற அந்த முதல் அணியைச் சேர்ந்தவர். தலைமை நீதிபதி மேனன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரி. 2008 முதல் 2025 வரை சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம், இப்போதைய சட்ட அமைச்சர் எட்வின் டோங், 2019-ல் பெரிய நிறுவனத்தைவிட்டு விலகித் தம் பெயரிலேயே புதிய அலுவலகம் தொடங்கிய மூத்த வழக்கறிஞர் தவிந்தர் சிங் எல்லாரும் அப்படித்தான். சட்டம் படித்துக் காவல்துறையில் சேர்ந்து, பிறகு வழக்கறிஞராகி, 2024-ல் சட்ட, போக்குவரத்து அமைச்சுகளின் துணை அமைச்சரான முரளி பிள்ளையும் உள்ளூர்ப் பட்டதாரிதான். பெற்றோர் பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லும் பெயர்களில் பெரும்பாலானவை கப்பலும் ஏறவில்லை, விமானமும் ஏறவில்லை.

பட்டியல் சுருங்கிய கதை

உள்ளூரில் இடம் கிடைப்பது கடினம் என்பதால்தான் 2010-க்குப் பிறகு பிரிட்டனுக்குப் போனவர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. சில ஆண்டுகளிலேயே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரும்பி வந்தவர்களுக்குப் பயிற்சி இடம் போதவில்லை. 2014-ல் சட்ட அமைச்சர் சண்முகமே வழக்கறிஞர்கள் தேவைக்கு அதிகமாகிவிடக்கூடும் என்று வெளிப்படையாக எச்சரித்தார். பத்து ஆண்டில் பேச்சு தலைகீழாகிவிட்டது. அன்று கூட்டம் அதிகம் என்றோம், இன்று இருப்பவர்கள் போகிறார்கள் என்கிறோம். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்று பின்னால் பார்க்கலாம்.

2015-ல் அரசாங்கம் ஒரு கதவைச் சாத்தியது. சிங்கப்பூரில் வழக்கறிஞராக அங்கீகரிக்கப்பட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 19 இருந்தன. 2016 முதல் சேரும் மாணவர்களுக்கு அது 11 ஆனது. எக்ஸிட்டர், லீட்ஸ், லெஸ்டர், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, சவுத்ஹாம்ப்டன், லண்டனின் எஸ்ஓஏஎஸ் ஆகிய எட்டும் போயின. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, யூசிஎல், கிங்ஸ் காலேஜ், குவீன் மேரி, டரம், பிரிஸ்டல், நாட்டிங்ஹாம், வாரிக், பர்மிங்ஹாம் ஆகியவை நின்றன. அவற்றிலும் இரண்டாம் வகுப்பு உயர்நிலை தேர்ச்சிக்குக் கீழே வந்தால் பயனில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்தப் பட்டியல் தெரியாமல் முகவரிடம் முன்பணம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. முகவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது. அந்தப் பல்கலைக்கழகங்கள் நல்லவைதான், பட்டமும் உண்மைதான். சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நிற்க மட்டும் உதவாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இங்கே இருந்துகொண்டே தனியார் பள்ளி மூலமோ அஞ்சல்வழியிலோ படிக்கும் பிரிட்டிஷ் சட்டப் பட்டம் அறிவுக்கு நல்லது, சில வேலைகளுக்கும் நல்லது. வழக்கறிஞராவதற்கான அங்கீகாரம் அதற்கு இல்லை. அந்த 11 பல்கலைக்கழகங்களிலும் முழுநேர மாணவராக அங்கேயே இருந்து படித்திருக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். வெளிநாட்டு மாணவருக்குச் சட்டப் படிப்பின் ஆண்டுக் கட்டணம் இந்தப் பல்கலைக்கழகங்களில் 20,000 பவுண்டுக்குக் குறையாது, பலவற்றில் அதைவிட நன்றாகவே கூடுதல். கட்டணம், வாடகை, சாப்பாடு, விமானப் பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுக்கு 120,000 பவுண்டு. நம் பணத்தில் ஏறத்தாழ 200,000 வெள்ளி. உள்ளூரில் குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 13,000 வெள்ளிதான், படிப்பு நான்கு ஆண்டு. இந்த வித்தியாசத்துக்குப் பல வீடுகளில் அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பு போகிறது. நான்கறை வீவக வீட்டை விற்று மூவறை வீட்டுக்கு மாறலாமா என்று கணக்குப் போட்ட குடும்பத்தையும் எனக்குத் தெரியும்.

காலக் கணக்கு வேறு. மூன்று ஆண்டில் முடித்துவிடலாம் என்பது பாதி உண்மை. பிரிட்டனிலிருந்து திரும்புபவர் முதலில் ‘பார்ட் ஏ’ தேர்வு எழுத வேண்டும். உள்ளூர்ப் பட்டதாரிக்கு அது கிடையாது. பிறகு எல்லாரும் எழுதும் ‘பார்ட் பி’. அதற்கான படிப்பு ஆண்டின் நடுவில் தொடங்கும். அதன்பின் பயிற்சிக் காலம். முன்பு ஆறு மாதமாக இருந்த அது, 2024-ல் பார்ட் பி எழுதியவர்கள் முதல் ஓராண்டாகிவிட்டது. நீதிபதி குவெண்டின் லோ தலைமையிலான குழு 2018-ல் தந்த பரிந்துரை அது. ஆகப் பட்டத்தோடு சாங்கியில் இறங்கிய பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் போகும். ஆண்பிள்ளை என்றால் தேசிய சேவை இரண்டு ஆண்டு முன்னாலேயே போயிருக்கும்.

பயிற்சியை ஓராண்டாக்கியது சரியான முடிவு என்பது என் கருத்து. ஆறு மாதத்தில் கோப்பு எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளலாம், தொழிலைக் கற்றுக்கொள்ள முடியாது. அந்த ஓராண்டுக்குக் கொடுக்கும் உதவித்தொகைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. பெரிய நிறுவனத்துக்கு அது பெரிய செலவே இல்லை. இரண்டு பேர் நடத்தும் சின்ன அலுவலகத்துக்கு அது ஒரு பாரம். பயிற்சியாளரை எடுக்கத் தயங்குபவை அந்தச் சின்ன அலுவலகங்கள்தான். குடும்ப வழக்கும் குற்றவியல் வழக்கும் பெரும்பாலும் போய்ச்சேர்வதும் அங்கேதான்.

லண்டன் இங்கேயே வந்துவிட்டது

லண்டனுக்கு நாம் போவது ஒரு பக்கம். லண்டன் நிறுவனங்கள் இங்கே வந்து பல ஆண்டாகிவிட்டது. 2008 டிசம்பரில் ஆறு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உள்ளூர் வர்த்தகச் சட்டத்தின் சில பகுதிகளிலும் தொழில் செய்யச் சிறப்பு உரிமம் தரப்பட்டது. அவற்றில் ஆலன் அண்ட் ஓவரி, கிளிஃபர்ட் சான்ஸ், ஹெர்பர்ட் ஸ்மித், நார்ட்டன் ரோஸ் என நான்கு லண்டனைச் சேர்ந்தவை. 2013-ல் அடுத்த சுற்றில் வந்த நான்கில் லிங்க்லேட்டர்ஸ் ஒன்று. சமரசத் தீர்ப்பு வழக்குகளுக்காக லண்டன் பாரிஸ்டர் அறைகளும் மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் பக்கம் கிளை திறந்தன. 2015-ல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றத்தில் பிரிட்டனின் முன்னாள் நீதிபதிகளும் அமர்கிறார்கள். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் நியூபெர்கர் பிரபு அவர்களில் ஒருவர். 1994-ல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழக்கத்தை நாம் நிறுத்திக்கொண்டோம். இருபது ஆண்டில் அங்கிருந்த நீதிபதிகள் இங்கே வந்து அமரத் தொடங்கினார்கள். சரித்திரத்துக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு உண்டு.

இந்த நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் இப்போது வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆலன் அண்ட் ஓவரி 2024 மே மாதம் நியூயார்க்கின் ஷெர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் இணைந்து ஏ அண்ட் ஓ ஷெர்மன் ஆனது. ஹெர்பர்ட் ஸ்மித் ஏற்கெனவே ஆஸ்திரேலியாவின் ஃப்ரீஹில்ஸுடன் இணைந்திருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் கிரேமர் லெவினும் சேர்ந்தது. காரணம் சம்பளப் போட்டி. லண்டனில் கடை விரித்த அமெரிக்க நிறுவனங்கள் புதிய வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகையைப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. 2024-ல் லண்டனின் முன்னணி நிறுவனங்கள் புதிதாகத் தகுதி பெற்ற சொலிசிட்டருக்கு ஆண்டுக்கு 150,000 பவுண்டு என்று உயர்த்தின. நம் பணத்தில் ஏறத்தாழ 250,000 வெள்ளி. பெற்றோர் போட்ட 200,000-ஐ ஒரே ஆண்டில் எடுத்துவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்.

அந்தச் சம்பளம் ஒரு சிறு கூட்டத்துக்கானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் பெற்ற சொலிசிட்டர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இந்த எண்ணைக் கொடுக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் அதைச் சும்மா கொடுப்பதில்லை, நள்ளிரவும் சனி ஞாயிறும் அந்தத் தொகைக்குள் அடக்கம். அங்கேயே தங்கி வேலை தேடலாம் என்றால், படிப்பு முடித்தவர்கள் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேட அனுமதித்த விசாவை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் குறைக்கிறது.

ஒரு வழி மட்டும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2021 முதல் சொலிசிட்டராவதற்கு எஸ்கியூஇ என்ற பொதுத் தேர்வு வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், அதை நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம், இங்கிலாந்துக்கு வெளியேயும் செய்யலாம். அதாவது உள்ளூரில் படித்துவிட்டுப் பிறகு இங்கிலாந்துத் தகுதியையும் சேர்த்துக்கொள்ள முடியும். எதிர்த்திசையில் வருவதுதான் செலவும் காலமும் பிடிக்கும் வழி. இதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் மறுபக்கம்

150,000 பவுண்டு செய்தி வந்த அதே நாட்டில், 2022 செப்டம்பரில் குற்றவியல் பாரிஸ்டர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கியும் பொய்முடியுமாக நீதிமன்ற வாசலில் பதாகை பிடித்து நின்ற படங்கள் நினைவிருக்கலாம். சட்ட உதவி வழக்குகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் கட்டணத்தில் இளம் பாரிஸ்டர்களால் பிழைக்க முடியவில்லை என்பதே புகார். 15 விழுக்காடு உயர்வுக்குப் பிறகு அக்டோபரில் முடித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் பலர் வேறு துறைக்குப் போய்விட்டிருந்தார்கள். 2013-ல் சட்ட உதவியை வெட்டியதிலிருந்து தொடங்கிய சரிவு அது. அதோடு நீதிமன்ற நாள்களைக் குறைத்ததும் கொவிட்டும் சேர்ந்துகொள்ள, கிரவுன் நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 75,000-ஐத் தாண்டின. 2025 டிசம்பரில் நீதித்துறை அமைச்சர் டேவிட் லாமி, மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய வழக்குகளில் ஜூரியை விட்டுவிட்டு நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்ற திட்டத்தை அறிவித்தார். பெரிய எதிர்ப்பு. ஜூரி முறையை 1969-லேயே கைவிட்ட நமக்கு அந்தச் சண்டை விசித்திரமாகத் தெரியலாம். நாம் கவனிக்க வேண்டியது அதற்குக் கொண்டுவந்து விட்ட பாதையை. ஏழைகளுக்காக வாதாடுபவருக்குப் பிழைப்பு இல்லையென்றால் முதலில் வழக்கறிஞர்கள் குறைகிறார்கள், பிறகு வழக்குகள் தேங்குகின்றன, கடைசியில் உரிமையில் கைவைக்கிறார்கள்.

இப்போது, கூட்டமும் அதிகம், ஆளும் போதவில்லை என்ற அந்தப் புதிருக்கு வரலாம். மரினா பே பக்கம் வர்த்தகச் சட்டத்துக்கு வரிசை நிற்கிறது. குடும்ப, குற்றவியல் வழக்குகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. அரசாங்கத்துக்கு இது தெரியும். மூன்றாவது சட்டப் பள்ளியைச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2017-ல் தொடங்கியபோதே, அது குடும்ப, குற்றவியல் சட்டத்துக்கானது என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். காவல்துறையிலும் சமூக சேவையிலும் இருந்து வந்தவர்கள் அங்கே படிக்கிறார்கள். அங்கே படித்தவர்களுக்கும் பார்ட் ஏ தேவையில்லை. நம் பெற்றோர் பட்டியலில் இந்தப் பள்ளியின் பெயர் ஏனோ அரிதாகவே வருகிறது. லண்டன் என்றால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது, கிளமெண்டி என்றால் அவ்வளவாக இல்லை போலும்.

2022 டிசம்பரில் அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகமும் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட குடிமகனோ நிரந்தரவாசியோ, குடும்பத்தில் ஒருவருக்கு மாத வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருந்தால் உதவி கேட்கலாம். மற்ற நிபந்தனைகளும் உண்டு. இளம் வழக்கறிஞருக்கு இது ஒரு புதிய வேலையிடம். நிலையான சம்பளத்தோடு நீதிமன்ற அனுபவமும் கிடைக்கும். இங்கிலாந்தில் தனியார் பாரிஸ்டர் தலையில் விழுந்த சுமையைச் சிங்கப்பூர் ஓரளவு அரசாங்க ஊழியரிடம் மாற்றியிருக்கிறது. குடும்ப வழக்குகளுக்கு 1958-லிருந்தே சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது.

தமிழில் விளக்க யார்?

தமிழ் படித்தவர் என்பதால் உறவினர் வீடுகளில் எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். தீபாவளிக்குப் போனாலும் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடித உறை இருக்கும். உயில், வீவக கடிதம், வழக்கறிஞர் அனுப்பிய நோட்டீஸ். ஈசூனில் இருக்கும் என் சித்தி சென்ற ஆண்டு நீட்டியது எல்பிஏ பத்திரம். பிற்காலத்தில் சிந்திக்கும் திறனை இழந்தால் தன் சார்பில் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. அதில் ஒரு சான்றளிப்பவர் கையெழுத்திட வேண்டும். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ மனநல மருத்துவரோ, தொழில் செய்யும் வழக்கறிஞரோ. பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று இவருக்குப் புரிகிறது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்த மொழியில்? சித்திக்கு ஆங்கிலம் பேருந்து ஏறவும் சந்தையில் பேரம் பேசவும் போதும். சொத்தையும் உடலையும் பற்றிய முடிவை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை அந்த ஆங்கிலத்தில் பேச முடியாது. அதிகாரத்தைப் பெறப்போகும் மகனே பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால், கட்டாயம் இல்லை என்று எப்படித் தெரியும்?

நம் பேட்டைகளில் ஒரு வழக்கறிஞர் தேவைப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான். உயில் எழுதினால் மத்திய சேமநிதிப் பணமும் அதில் அடங்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. அடங்காது, அதற்குத் தனி நியமனப் படிவம். 2024 ஜூலை முதல் கணவன் மனைவி இருவரும் ஒப்புக்கொண்டு, யார்மீதும் பழி போடாமல் மணவிலக்குக் கேட்க வழி வந்திருக்கிறது. அதுவும் பலருக்குத் தெரியவில்லை. இவற்றையெல்லாம் தமிழில் பொறுமையாகச் சொல்லும் மூத்த வழக்கறிஞர்கள் லிட்டில் இந்தியா பக்கத்திலும் பழைய கடைத்தொகுதி அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயதாகிறது. அவர்களின் பிள்ளைகள் சட்டம் படித்திருந்தாலும் மரினா பேயில் இணைப்பு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? படிப்புக்கு 200,000 வெள்ளி செலவான பிள்ளையிடம், குறைந்த கட்டணத்துக்கு மணவிலக்கு வழக்கு நடத்து என்று எந்த வீடும் சொல்லாது. பட்டத்தின் விலையே எந்தச் சட்டம் பார்ப்பது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

பெரிய நிறுவனத்தில் கீழ்மட்ட வேலையும் முன்போல் உறுதி இல்லை. இளம் வழக்கறிஞர்கள் இரவெல்லாம் செய்துவந்த ஆவணத் தேடலையும் சுருக்கம் எழுதுவதையும் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கியிருக்கிறது. அது தடுமாறியும் விழுகிறது. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் விசாரித்த ஒரு விவகாரத்தில், மேற்கோள் காட்டிய 45 வழக்குகளில் 18 உலகத்திலேயே இல்லாதவை. அதே ஆண்டு சிங்கப்பூரில் இல்லாத ஒரு வழக்கைச் சுட்டிய வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளி கொடுக்கும்படி ஆனது. ஆவணம் படிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் வேகத்தில், சித்தி முன்னால் உட்கார்ந்து உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தமிழில் கேட்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளாது என்றே நினைக்கிறேன்.

அடுத்த பல்கலைக்கழகத் திறந்தநாளுக்குப் போகும் பெற்றோர் தரவரிசை எண்ணோடு வேறு சிலவற்றையும் கேட்கலாம். மாணவர்களுக்குக் குடும்ப, குற்றவியல் வழக்குகளில் நேரடிப் பயிற்சி உண்டா? போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்? வெளிநாடு என்றால், பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இன்னமும் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை முகவரிடம் கேட்க வேண்டாம், சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதே சட்ட ஆலோசனை தேவைப்படுபவர்கள் சமூக மேம்பாட்டு மன்றங்களின் ஆதரவில் நடக்கும் இலவச சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம். தொண்டூழியராக வரும் வழக்கறிஞர் ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் ஏறத்தாழ 20 நிமிடம். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போனால் அதில் பாதி மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். கேள்விகளை முதல் நாளே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.